எங்கள் தோட்டத்தில் மட்டும் பெய்த மஞ்சள் மழை

புது வேலையில் சேர்ந்தவன் கொஞ்ச காலம் வாயைத் திறக்காமல் இருந்தால் புண்ணியம். நானோ சரியான முந்திரிக்கொட்டை.

எண்பதுகளில், நியூ ஜெர்சியில் ஒரு வட்டார நீர் வாரியத்தில் சேர்ந்திருந்தேன். மழையை அளப்பது, ஆற்று நீரைச் சோதிப்பது, தொழிற்சாலைகள் என்ன கழிவை வெளியே விடுகின்றன என்று பார்ப்பது, இதுதான் வேலை. அது நிரந்தரமானால்தான் கிரீன் கார்டு. வீட்டில் மனைவி வசந்தா நிறைமாதம். பிரசவத்துக்குத் துணையாகத் தஞ்சாவூரிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். (கூடவே ஒரு குட்டிப் பிள்ளையாரும் வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்.)

வாரியம் எங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு மழைமானியை வைத்து, சுற்றிலும் சின்னதாக வேலி போட்டிருந்தது. ஆபீஸ் கிளம்புமுன் நான் அளவு பார்த்துக் குறிப்பேன். அந்தக் கோடையில் ஊரே வறண்டு கிடந்தது. எங்கள் மானியில் மட்டும் தினமும் மழை. அதுவும் மஞ்சளாக, மேலே லேசாக ஆடை படிந்து.

வேறு யாராவது என்றால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நான்தான் மேதையாயிற்றே. ஆற்றின் அக்கரையில் இருந்த பெயின்ட் தொழிற்சாலையின் புகை மேகத்தோடு கலந்து, ராத்திரியில் என் தோட்டத்தில் மஞ்சள் மழையாகப் பெய்கிறது என்று கண்டுபிடித்தேன். கூட்டத்தில் அந்தத் தொழிற்சாலை மேனேஜரை எதிரே வைத்துக்கொண்டே, வரைபடம் மாட்டி முழங்கித் தள்ளினேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் மேலதிகாரி ஃபிராங்க், "நேரில் போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார்.

மறுநாள் ஃபிராங்க், மேனேஜர், நான் மூவரும் தோட்டத்தில் நிற்கிறோம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பின்கதவு திறந்தது. அத்தை, ஈரத்தலையில் துண்டும் கையில் செம்புமாக வந்தார். விருந்தாளிகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பயபக்தியோடு வேலிக்கு மேல் எட்டி, பாலும் மஞ்சளுமாக மழைமானியில் ஊற்றினார்.

"அத்தை, என்ன பண்றீங்க?" என்றேன்.

"பிள்ளையார் அபிஷேகத் தண்ணி மாப்பிள்ளை. கால் படற எடத்துல ஊத்தலாமா? வசந்தா நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு தினம் பண்றேன். நீங்கதான் வேலியெல்லாம் கட்டி எடம் ஒதுக்கி வச்சிருக்கீங்களே."

மனசுக்குள் கிரீன் கார்டுக்குத் தலைமுழுகிவிட்டு, ஃபிராங்குக்கு மொழிபெயர்த்தேன். அவர் மானிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குழந்தை எப்போது?"

"இந்த வாரம்."

முதலில் சிரித்தவர் அந்த மேனேஜர்தான். அவர் மட்டும் கோபப்பட்டிருந்தால் நான் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பியிருப்பேன்.

வேலை தப்பியது. ஆனால் ஃபிராங்க் ஒரு நிபந்தனை போட்டார். இனி என் வீட்டு மானியில் ஒரு சொட்டு விழுந்தாலும், தன்னுடையது இல்லை என்று அத்தை சொன்ன பிறகே அது கணக்கில் ஏறும்.

வசந்தாவுக்கு வலி எடுத்த அன்று கொட்டோ கொட்டென்று மழை. பெண் பிறந்த சேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினேன். ஃபிராங்க் வாழ்த்திவிட்டு, அத்தையிடம் கொடுக்கச் சொன்னார். அத்தை போனை வாங்கி, அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்படி, "நான் ஊத்தலைங்க" என்றார்.

அத்தை காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் மகள், அங்கே நல்ல மழை பிடித்தால் போன் பண்ணுவாள். "அப்பா, ஹெவி ரெயின். இஸ் இட் பாட்டி?"

முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே இல்லை என்பேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.