ஓடும்போது இணைப்பு

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருந்தார். இது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பது, இயக்குநர் கருத்தரங்கம் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை யாருக்கும் தெரியாது.

அங்கே அவர் காதில் விழுந்தது இதுதான். புரோகிராம் மொழிகளில், ஒரு வேலையை எந்தப் பகுதி செய்யும் என்று எழுதும்போதே கட்டிப்போட வேண்டியதில்லை. புரோகிராம் ஓடும்போது, அழைப்பு வரும் அந்த நொடியில், தகுந்த பகுதியைத் தேடிப் பிடித்து இணைத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கே இவ்வளவு சுதந்திரம் இருக்கும்போது மனிதர்களை மட்டும் நாற்காலியோடு கட்டிப்போடுவது காட்டுமிராண்டித்தனம் என்று இயக்குநர் மனம் நொந்து, புரோகிராமரைக் கூப்பிட்டார்.

புரோகிராமர் பல வருஷமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் ஆணை கையெழுத்துக்காக இயக்குநர் மேசைமேல்தான் கிடந்தது. இயந்திரத்துக்குச் சரியாக வருவது மனுஷங்களுக்கு வராது சார் என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்ல யோசனை சார்" என்றாள்.

எழுதியும் கொடுத்தாள். யாருக்கு என்ன ஆக வேண்டுமோ, புரோகிராமிடம் சொன்னால் போதும். எல்லாருடைய போனும் அதிரும். முதலில் 'ஆம்' அழுத்துபவரோடு அந்த வேலை இணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேடினால் நேரம் வீண் என்பதால், ஒருமுறை இணைத்ததைப் புரோகிராம் மறக்காது. அடுத்த தடவை நேரே அவரிடமே போகும். இந்தக் கடைசிச் சங்கதி அவளுடைய சொந்த மூளை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மழை பெய்த ஒரு நாள், 'ஜன்னலைச் சாத்தவும்' என்று வந்த அழைப்புக்குக் கணக்கு அதிகாரி போகிற போக்கில் 'ஆம்' அழுத்தினார். அன்றிலிருந்து கட்டடத்தின் அத்தனை ஜன்னல்களும் அவர் பொறுப்பு. கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது அநாகரிகமாகக் கருதப்பட்டது. லிஃப்ட் மெக்கானிக் நல்ல மனசோடு ஒரு கவருக்கு முத்திரை குத்தப் போய், தபால் பிரிவில் தலைநிமிர நேரமில்லாமல் மாட்டிக்கொண்டார். லிஃப்டுக்குள்ளிருந்து நேரே அவர் அறைக்குப் போன மணியையும், பழங்கால இணைப்பு என்று இயக்குநர் பிடுங்கி எறியச் சொன்னார்.

வாய் கொடுத்து மாட்டுவது எப்படி என்று எல்லாருக்கும் சீக்கிரமே புரிந்துபோயிற்று. போன் அதிர்ந்தால் கவிழ்த்து வைத்தார்கள். 'தங்கள் கோரிக்கைக்கு உரியவர் தற்சமயம் அமையப்பெறவில்லை' என்ற பதில், கேட்டவர்களுக்கெல்லாம் தாமதமின்றிக் கிடைத்தது. தாமதமின்மைக்காக அலுவலகத்துக்குப் பாராட்டிதழ்கூட வந்தது.

இயக்குநர் ஓய்வு பெறும் நாள் வந்தது. அன்று கையெழுத்து ஆகாவிட்டால் தன் கதை அவ்வளவுதான் என்று, புரோகிராமர் ஆணையோடு அவர் பின்னாலேயே லிஃப்டில் ஏறினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது.

"மெக்கானிக்கைக் கூப்பிடும்மா."

"நேர் இணைப்பு கூடாதுன்னு நீங்கதானே சார் மணியை எடுக்கச் சொன்னீங்க."

"அப்ப புரோகிராம்ல போடு."

'லிஃப்ட் கதவைத் திறக்கவும்' என்று போட்டாள். மேலும் கீழும் மேசைகள்மேல் போன்கள் கவிழும் சத்தம் கேட்டதாக அவள் இன்றும் சாதிக்கிறாள். கவிழாமல் அதிர்ந்துகொண்டிருந்தவை லிஃப்டுக்குள் இருந்த இரண்டு போன்கள்தான்.

"நீயே ஆம்னு அழுத்திடேன்."

"அழுத்தினா இது ஆயுசுக்கும் என் தலையில ஒட்டிக்கும் சார். நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போறவர். நீங்க அழுத்தலாமே."

"பதவியில இருக்கிறவன் கதவு திறக்கிறதா?" என்ற இயக்குநர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அழுத்தும்மா. வெளியே காலை வெச்சதும் கையெழுத்து."

இத்தனை வருஷக் காத்திருப்பு கண்முன் நின்றது. அழுத்தினாள். கதவிடுக்கில் விரலை நுழைத்து, நகம் பிய்யப் பிய்யத் திறந்தாள். முதலில் இயக்குநர் அவள் தோளில் கால் வைத்து ஏறினார்.

சொன்ன சொல் தவறாதவர். ஆணையை வாங்கி, அங்கேயே சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். பதவி என்று காலியாக விட்டிருந்த இடத்தில், 'மின்தூக்கிக் கதவு திறப்பாளர், நிரந்தரம்' என்றிருந்தது.

"சார், நான் புரோகிராமர்."

"புரோகிராம் உன்னை எதோட இணைச்சிருக்கோ அதைத்தாம்மா நான் எழுத முடியும்."

"அப்ப புரோகிராமர் வேலை?"

"அதுக்கென்ன, ஓடும்போது யாராவது அமைவாங்க."

அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனாலும் ஆணையைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். நிரந்தரம் என்றால் நிரந்தரம்தானே.

புதிய இயக்குநர் விவரமானவர். வந்ததும் வராததுமாக, இந்தப் பைத்தியக்காரத்தனத்தை உடனே நீக்க வேண்டும் என்று முடிவு செய்து, முறைப்படி புரோகிராமிலேயே போட்டார்: 'இந்தப் புரோகிராமை நீக்கவும்.'

கட்டடம் முழுவதும் போன்கள் அதிர்ந்தன. ஜன்னல் சாத்திக்கொண்டிருந்த கணக்கு அதிகாரி கையை அப்படியே நிறுத்தினார். முத்திரையும் கையுமாக மெக்கானிக் எட்டிப் பார்த்தார். நீக்கத் தெரிந்த ஒரே ஆள் லிஃப்ட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

எல்லாருக்கும் முந்தி அவள் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.