மியாமி அண்ணையின் விசரன்

லண்டன் வால்தம்ஸ்டோவில் மியாமி அண்ணையைப் போல மானம் போன மனிசர் வேறு ஒருவரும் இல்லை. அதை அவரே சொல்லுவார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் சனம் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், எல்லாருக்கும் கேட்கிற குரலில்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அண்ணை எப்போதோ ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், மியாமியில் தமக்கை வீட்டில் நின்றுவிட்டு வந்தவர். அந்த ஒரு கிழமையை வருடக்கணக்காக நடத்திக்கொண்டிருந்தார். தை மாதக் குளிரிலும் கோட்டுக்குள் பூப்போட்ட சேட்டு. மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. நீங்கள் லூர்து மாதாவிடம் போவதாகச் சொன்னாலும் வெயிலுக்குக் கிறீம் பூசச் சொல்லித்தான் அனுப்புவார்.

உண்மையாகவே மியாமிக்குப் போகிற ஆள் அகப்பட்டால் விடவே மாட்டார். அவருடைய ஒவ்வொரு புத்திமதிக்குப் பின்னாலும் ஒரு விசரன், ஒரு புத்தி கெட்டவன், வருவான்.

“செருப்பைக் கழட்டாதை தம்பி. மத்தியானத்து மணல் தோசைக்கல்லு. ஒரு விசரன் வெறுங்காலோட இறங்கி, றோட்டு வரைக்கும் துள்ளிக்கொண்டு வந்தவன்.”

“கடற்கரைக் காவல்காரன்ர கொடியைப் பார். சிவப்பெண்டா இறங்காதை. ஊதாவெண்டா ஜெல்லிமீன் கொட்டும். ஒரு விசரன், தவக்காலத்துக்குக் கட்டின கொடியெண்டு நினைச்சுக் கும்பிட்டுப்போட்டு இறங்கினவன்.”

“எயார்போட்டில சப்பாத்தைக் கழட்டச் சொல்லுவாங்கள். ஒரு விசரன் பெருவிரல் எட்டிப் பாக்கிற ஓட்டைக் கால்மேசோட நிண்டவன். பின்னால முழு லைனும் நிண்டது.”

“ஆரண்ணை அந்த விசரன்?” என்று யாராவது கேட்பார்கள்.

“வேற ஆர்? நான்தான்!”

மண்டபம் குலுங்கும். பாட்டுக்குழு மாஸ்டர் மட்டும், அந்த மேசுக் கதை வந்தால் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நானும் மனுசியும் மியாமிக்குப் போனோம். அங்கே மச்சான் வீடு, மனுசியின் தாயான மாமியும் அவரோடுதான். அண்ணை சொன்னதெல்லாம் கேட்டேன். மேசு புதிது, செருப்பு காலில், கொடி பச்சை. ஆனால் மாமிக்கு முன்னால் அரைக் காற்சட்டையோடு நிற்க எனக்குக் கூச்சம். மரியாதையாக இருக்கட்டுமே என்று, ஊரில் குளிக்கிற மாதிரி இடுப்பில் சுற்றிய வெறும் சாரத்தோடு இறங்கினேன்.

நெஞ்சளவு தண்ணீரில் சாரம் காற்றுப் பிடித்துப் பலூனாகியது. அடுத்த அலை அதைக் கழற்றிக்கொண்டு கியூபாப் பக்கம் போய்விட்டது. கையை உயர்த்தி ஆட்டி, மனுசியிடம் துவாய் கேட்டேன். கடலில் கையை ஆட்டுகிறவன் தாழப்போகிறான் என்பது அந்த ஊர்க் காவல்காரரின் கணக்கு. விசிலை ஊதிக்கொண்டு ஒருவன் பாய்ந்து வந்தான். நான் “நோ, நோ” என்று பின்வாங்க, அவன் இன்னும் வேகமாக நீந்தினான்.

சுருக்கமாகச் சொல்கிறேன்: நான் காப்பாற்றப்பட்டேன். கரையில் சனம் கைதட்டியது. மாமி செபமாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டா. அன்றிலிருந்து என்னோடு கதைக்கும்போது என் நெற்றியைப் பார்த்துத்தான் கதைப்பா.

லண்டன் வரும்வரை விமானத்தில் சாப்பாடு இறங்கவில்லை. கோயில் மண்டபத்துக்குத் தெரிந்தால் பிறகு எந்த முகத்தோடு பூசையில் நன்மை வாங்கப் போவது? வேறு கோயில் தேடி இல்ஃபோர்ட் பக்கம் வீடு பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். வாய் திறப்பதில்லை என்று மனுசியிடம் சத்தியம் வாங்கினேன்.

ஞாயிறு அண்ணை பிடித்துக்கொண்டார். “என்ன தம்பி, புதுசா ஏதும்?”

நான் வாய் நிற்காத பிறவி. “சாரத்தோட கடலுக்க இறங்கக் கூடாதெண்டு சொல்லலாம் அண்ணை. ஒரு விசரன்…”

முழுவதும் கேட்டார். முதல்தடவையாக அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கரையில ஆர் நிண்டது?”

“மாமி.”

“மாதாவே!” என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, கலியாணம் முடித்த கையோடு மியாமிக்குப் போகிற பெடியன் ஒருவன் அகப்பட்டான். செருப்பு முடிந்தது, கொடி முடிந்தது. “ஒரு விசரன் சாரத்தோட இறங்கினவன்…” என்று அண்ணை தொடங்கினார். எனக்கு நடந்ததைவிடத் திறமாக இருந்தது; அலைகூடப் பெரிது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

பெடியன் கண்ணைத் துடைத்தான். “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் அந்த விசரன்? எங்கட கோயில் ஆளோ?”

நான் கோப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

“வேற ஆரடா? நான்தான்!”

“உங்கட மாமியும் நிண்டவவோ?”

“நிண்டவ! அதுதானே கதை!”

சிரிப்பு அடங்குமுன் மாஸ்டர் எழும்பிப் போனார். இந்த முறை இரண்டு கோப்பை ஊற்றி வந்து, ஒன்றை என்னிடம் தந்து, பக்கத்தில் இருந்தார். குனிந்து தன் சப்பாத்தின் பெருவிரல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணை மியாமியில் நின்றது ஒரே ஒரு கிழமை. ஒரு மனிசருக்கு ஒரு கிழமைக்குள் அவ்வளவு மானம் போக ஏலாது.

சிரித்துக்கொண்டிருந்த முகங்களைச் சுற்றிப் பார்த்தேன். இதில் எத்தனை பேருடைய மானத்தை அந்தப் பூப்போட்ட சேட்டுக்குள் மறைத்து வைத்திருக்கிறாரோ!

அண்ணையின் கோப்பை வெறுமையாக இருந்தது. நானே போய் நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன்.