வழி தவறிய துரைசானி

மேலக்குன்றம் காலனி,
திருப்போரூர் வழி.
17-4-1959

அன்பிற்குரிய மைத்துனர் ராஜாராம் அவர்களுக்கு, டாக்டர் அம்பேத்கர் பிறந்தநாள் விழாக் கமிட்டியின் காரியதரிசியும் உம் அக்காள் கன்னியம்மாவின் புருஷனுமாகிய எல்லப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உம் அக்காள், பிள்ளைகள், சினை ஆடு உள்பட யாவரும் சுகம். உம் சுகத்துக்கும், நீர் ஓட்டுகிற முதலாளி காரின் சுகத்துக்கும் எழுதவும்.

நிற்க. மகாபலிபுரத்துச் சிற்பங்களைப் பார்த்துப் படம் வரைய வந்த மார்கரெட் துரைசானியை, விழாவன்று காலையில் எங்கள் காலனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போகிறேன் என்று நீர் பறந்துவிட்டீர். ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? விருந்தாளிக்கு நாற்காலி வேண்டுமே என்று நாலு மைல் போய் பள்ளிக்கூடத்து நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தேன். அந்த அம்மாள் அதில் தன் பையை வைத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கருவாட்டைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். சந்தன மாலையா போட முடியும், சாமந்தி மாலை போட்டோம். அது வரையில் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்புறம்தான் பேஜாரு. பாபாசாகேப் படத்தை வண்டியில் வைத்து ஏரிக்கரை வழியாகத்தான் கொண்டுபோவோம், பெரிய தெருவுக்குள் திரும்பவே மாட்டோம் என்று மணியக்காரர் திருவேங்கடம் முன்னிலையில் சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் இதே கையெழுத்து. நம் சனம் கால் வைக்கக்கூடாத தெரு என்று உமக்குத் தெரியும். கமிட்டியின் மூன்றாவது தீர்மானமும் உமக்குத் தெரியும். மாலை போட்ட விருந்தாளிதான் ஊர்வலத்தில் முதலில் நடக்க வேண்டும், அவரை யாரும் முந்தக்கூடாது. போன வருஷம் விருந்தாளியாக வந்த ஆபிரகாம் வாத்தியாரை இளவட்டங்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்களே என்று நானே எழுதி நிறைவேற்றிய தீர்மானம் அது. ஆகவே துரைசானி முன்னால் போனாள். குடை பிடிக்க உம் அக்காள் மட்டும் பக்கத்தில். வண்டி, பேண்டு, நான், சனம் எல்லாம் பின்னால். வேப்பமரத்து முனையில் இடது பக்கம் ஏரிக்கரை, வலது பக்கம் பெரிய தெரு. துரைசானி ஒரு கணம் நின்றாள், வலது பக்கம் திரும்பிவிட்டாள்!

"அண்ணாத்த, இன்னா பண்றது? அந்தம்மா பெரிய தெருவுல பூந்து போயிகினு கீது!" என்று வண்டி ஓட்டிய சடையப்பன் கத்தினான். முந்தி ஓடித் தடுக்கலாம் என்றால் தீர்மானம். விருந்தாளியைத் தனியாக விடலாம் என்றால் மானம் போகும். "பின்னாலயே போடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பேண்டுக்காரர்கள் பயத்தில் இன்னும் பலமாக வாசித்தார்கள். வருஷப் பிறப்பென்று பஞ்சாங்கம் கேட்கத் தெருவே கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தது. துரைசானி நேராகப் போய் மணியக்காரரைக் கும்பிட்டாள். வெள்ளைக்காரி கும்பிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் அவரும் எழுந்து கும்பிட்டார். அவர் நிமிர்ந்தபோது எதிரில் துரைசானி இல்லை, வண்டியில் பாபாசாகேப் இருந்தார். கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவர் சம்சாரம் அம்சா அம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்ட, துரைசானி பாதி குடித்துவிட்டுச் செம்பை என் கையில் கொடுத்தாள். தெரு முழுக்க என் வாயையே பார்த்தது. எனக்கோ தொண்டை வறண்டு கிடந்தது. குடித்துவிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல். அம்சா அம்மாள் செம்பை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள். மணியக்காரர் செருமிவிட்டு, "வெயிலு ஏறுது, வண்டியைச் சீக்கிரம் ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான், அடுத்த முனை வந்துவிட்டது.

ஆனால் யாரோ பிராது கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். எழுதிக் கொடுத்தவன் நான், உள்ளே போகப்போகிறவனும் நான். ஆகவே, 'நான் அயல்நாட்டுக்காரி, ஊர் தெரியாமல் வழி தவறிவிட்டேன்' என்று துரைசானியிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது சேர்ப்பிக்க வேண்டியது. உமக்கும் உம் குடும்பத்துக்கும் சகல நன்மையும் உண்டாக வேண்டும்.

இப்படிக்கு,
எல்லப்பன், காரியதரிசி

பின்குறிப்பு: ஒட்டுமுன் இதை உம் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா எங்க வழி தவறிச்சு? முனையில நின்னு எந்தப் பக்கம்னு என் மூஞ்சப் பாத்துச்சு. நான்தான் கையக் காமிச்சேன். கண்ணாலம் கட்டிகினு வந்து இருவது வருசம் ஆவுது, அந்தத் தெரு எப்டி கீதுன்னு நானு பாக்க வேணாமா?" ஆகவே துரைசானியிடம் எந்தக் கடிதமும் வாங்க வேண்டாம். சப்-இன்ஸ்பெக்டரிடம் உம் அக்காளே இதைச் சொல்வாளாம். நீர் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வாரும். அவளுக்குத் துணை வேண்டியதில்லை, எனக்குத்தான்.