எம்.சி. வெங்காயத்திடம் வாங்கிய திட்டு

வெங்காயத்திடம் திட்டு வாங்காத ஆள் சிம்மக்கல்லில் யாராவது இருந்தால், அவரை நான் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

வெங்காயம் என்பது ஆளின் பேர். திருவாதவூர்ப் பக்கமிருந்து லோடு ஆட்டோவில் வெங்காயம் ஏற்றி வந்து தெருத்தெருவாக விற்றவன். மற்ற வியாபாரிகள் ஸ்பீக்கரில் ஒரே பல்லவியை ஓடவிட்டுப் போவார்கள். இவனோ மைக்கைக் கையில் பிடித்து, தெருவில் இருப்பவர்களை ஆள் ஆளாகத் திட்டுவான். அதுவும் தாளத்தோடு.

முதலில் மாட்டியது டீக்கடை காதர் பாய்.

"வைகை ஆத்துல தண்ணி இல்ல, பாய் டீயில தண்ணிக்குப் பஞ்சமே இல்ல!"

பாய் கரண்டியோடு ஆட்டோவைத் துரத்தினார். "நில்லுடா! ஒன்னைய நசுக்கிச் சட்டியில போடாம விட மாட்டேன்டா!"

மறுநாள் அந்த டீ எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கவே கூட்டம் வந்துவிட்டது. கரண்டி தானாகக் கீழே இறங்கியது. அடுத்த வாரம் பாத்திரக்கடை அண்ணாச்சி வண்டியை மறித்தார். "எங்கடைக்கு என்னடா கொறச்சல்? என்னைய மட்டும் ஏன் திட்ட மாட்டேங்குற?"

சாயங்காலங்களில் வைகைப் பாலத்துக்கு அடியில் பத்து இளைஞர்கள் வட்டமாக நின்று ஒருவரையொருவர் பாட்டாலேயே கிழிப்பார்கள். அந்த ராப் வட்டத்துக்கு அண்டர்கிரவுண்ட் என்று பேர்; அதில் பாடுகிறவனுக்கு எம்.சி. என்று பட்டம். அங்கே வெங்காயம் வாயைத் திறந்தால் எதிராளி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிச் சென்னைக்குப் போக, பெரிய இசைக் கம்பெனி ஒன்று இவனை ஆல்பத்துக்குக் கூப்பிட்டது. முதல் பாட்டே சிம்மக்கல் திட்டுகள்தான்.

அங்கேதான் கம்பெனி வக்கீல் குறுக்கே வந்தார். பாட்டில் அடிபடுகிற ஒவ்வொருவரும், 'என்னைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஒருவர் மறுத்தாலும் பாட்டு கிடையாது.

காதர் பாய் படித்துப் பார்க்காமலே போட்டார். அண்ணாச்சி, "இன்னும் ரெண்டு வரி கூட்டித் திட்டு" என்ற நிபந்தனையோடு போட்டார். மிச்சம் நான். அப்போது அங்கே ஒரு நோட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வாரப் பத்திரிகைக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அவன் வைத்திருந்தது இது:

"வாராவாரம் எழுதுறாரு அண்ணே, வாசிக்கிறது வடைச்சட்டி எண்ணெ!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முடியவே முடியாது என்றேன்.

"மாத்திப் பாத்தேண்ணே. நல்லா எழுதுறாருன்னு போட்டா தாளத்துல நிக்க மாட்டேங்குது."

"அப்பப் பாட்டே வேணாம், போடா!"

அவன் போகவில்லை. அன்றுதான் அவன் மெல்லப் பேசிக் கேட்டேன்.

"பாய் கடையில நீங்க எழுதுன தாள்லதேன் வடைய மடிச்சுக் குடுப்பாரு. வடையத் தின்னுப்புட்டு அம்புட்டையும் படிப்பேண்ணே. எண்ணெ ஊறி எழுத்து தெரியாத எடத்துல நானா எதையாச்சும் இட்டுக்கட்டிக்கிருவேன். அப்படித்தேன் எனக்கு எழுதவே வந்துச்சு."

பேனாவைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். காலையில் அவன் சத்தம் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். வடைச்சட்டி வரி வந்ததும் பஸ்ஸே சிரிக்கிறது. நான் பக்கத்து சீட்டுக்காரரின் தொடையைத் தட்டி, "அந்த அண்ணே நாந்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.