ஒரு தாலியும் மூன்று மறுகாவும்

வாசகர்களே, தீர்ப்புச் சொல்லுமுன் உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யுத்தம் இடைநின்ற அந்தச் சமாதான காலத்தில் உங்கள் வீட்டில் ஒரு கலியாணம் நடந்திருந்தால், அலுமாரியின் மேற்தட்டிலிருந்து அல்பத்தை இறக்கித் தாலிகட்டுப் படத்தைப் பாருங்கள். மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்தில் இருக்கும். கண்கள் கமராவில் இருக்கும். அந்தக் கண்களில் காதல் இராது, நாணம் இராது. "இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிக்கிற?" என்ற கேள்வி ஒன்றே இருக்கும். ஆகவே துணிந்து சொல்கிறேன்: மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அக்காலத்தில் ஒரே தரத்தில் தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை ஒருவர்கூட இல்லை. அதற்குக் காரணமான கமராக்காரரை ஊர் 'மறுகா' என்று அழைத்தது.

வேற்றூர் வாசகர்களுக்காகச் சொல்விளக்கம் ஒன்று. எங்கள் பக்கத்தில் 'மறுகா' என்றால் 'மறுபடியும்' என்று பொருள். 'பிறகு' என்றும் பொருள். இவ்விரு பொருள்களைக் கொண்டே அவர் தம் தொழில் முழுவதையும் நடத்தினார். படம் எடுக்கும்போது அவர் 'மறுகா' என்றால், மாப்பிள்ளை தாலிக்கொடியைத் திரும்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அல்பம் எப்போது என்று கேட்கையில் 'மறுகா' என்றால், கேட்டவர் வந்த வழியே திரும்ப வேண்டும். முதற்பிள்ளைக்குச் சோறு தீத்தி ஊட்டுகிற நாளில் பெற்றோரின் கலியாண அல்பம் வந்து சேர்ந்த வீடுகளை நான் அறிவேன்.

மெலிந்த மனிதர். சட்டையில் நான்கு பைகள், நான்கிலும் படச்சுருள். இடக்கண்ணை எப்போதும் பாதி மூடியே வைத்திருப்பார். பந்தியில் இருந்தாலும் சோற்றையும் கறியையும் ஒற்றைக் கண்ணால்தான் அளப்பார்.

அவருடைய வாழ்க்கைக்குள் நான் நுழைந்தது வாய் வழியாக. பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கிக் கிண்ணங்கள் சில வென்றிருந்தமையால், கலியாண வீடுகளில் வாழ்த்துமடல் வாசிக்க என்னை அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். செங்கலடியில் என் முதல் மேடை. மணமகனின் குலப்பெருமையை எடுத்து நான் குரலை உயர்த்திய இடத்தில், கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு பேசுங்க."

மேடையிலிருந்து இறங்கியதும் விளக்கம் கேட்டேன்.

"எல்லாப் படத்திலையும் உங்கட வாய் ஆவெண்டு திறந்து கிடக்கு. பாக்கிற சனம், கலியாண வீட்டில பல்லுக் கழட்டினது எண்டெல்லோ நினைக்கும்."

 அவர் என் தோளில் தட்டி, "பெரியகல்லாத்தில ஒரு கலியாண வீடு இருக்கு. நீங்களும் வாங்க" என்றார்.

அதுதான் அவர் வழக்கம். எந்தக் கலியாணத்துக்கும் அவர் தனியே போனதில்லை. யாராவது வந்து நாள் சொன்னால், "மணவறை ஆரு? கேக் ஆரு?" என்று முதலில் கேட்பார். வேறு பெயர் வந்தால், "அண்டைக்கு எனக்கு வெளிச்சம் சரிவராது" என்று கையை விரித்து விடுவார். மணவறை, காத்தான்குடிக் காக்கா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் 'காக்கா' என்போம். மேடை, திரை, தூண், பூ எல்லாம் அவர் கொண்டுவந்து பூட்டுவார். கேக், புளியந்தீவில் இருந்த பறங்கிய அம்மையார். எங்களுக்குக் கேக் அன்ரி. ஊர்கள் ஒன்றோடொன்று பேசாதிருந்த கிழமைகளிலும் நாங்கள் நால்வரும் ஏறிப்போன அந்த ஒரு வான் வண்டிக்குள் பேச்சு நின்றதில்லை. ஒருமுறை சோதனைச் சாவடியில், துணியால் சுற்றிய முக்காலியை என்னவென்று கேட்டார்கள். அவர் இறங்கி அதை விரித்து, கமராவைப் பூட்டி, கேட்டவர்களையே வரிசையில் நிறுத்தி, தோள்களை நேராக்கி, "மறுகா" என்றார். பின்னால் நின்ற லொறிக்காரர்கள் எங்கள் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லால் வந்த வினைகளுக்குக் கணக்கில்லை. தாலி ஏறும் நேரத்தில் 'மறு' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் பெண்வீட்டார் காதால் கேட்க விரும்பமாட்டார்கள்; மறுகலியாணம் நினைவுக்கு வருமாம். "கலியாணம் நடக்கக்குள்ள மறுகாவோ? நாக்கில சனியனோ உனக்கு?" என்று ஒரு மாமனார் குடையைத் தூக்கிக்கொண்டு மணவறையில் ஏறியதை நான் கண்டிருக்கிறேன். காக்காதான் ஒரு யோசனை சொன்னார்.

"அந்தச் சொல்ல உட்டுப்போட்டு இருமுங்க. நாங்க மாப்பிளைக்கு முன்னமே சொல்லி வைக்கிறம்."

அடுத்த கலியாணத்தில் அவர் ஒருமுறை இருமினார். மல்லித்தண்ணி வந்தது. இரண்டாம் முறை இருமினார். ஒருவர் முதுகைத் தடவினார். மூன்றாம் இருமலுக்குக் கதிரை வந்தது. அதில் அவரை அமுக்கி இருத்தி, கமராவை வாங்கி மடியில் வைத்தார்கள். மாப்பிள்ளையோ தாலியைக் கட்டி, அறுகரிசி தூவி வாழ்த்துவோருக்குத் தலை குனிந்துவிட்டார். அந்தக் கதிரையிலிருந்து எழுந்த கூக்குரலை எந்த ஒலிபெருக்கியும் வென்றிராது: "மறுகா!"

இனி வழக்கின் மையத்துக்கு வருகிறேன். வாவிக் காற்றின் ஈரம் நெகட்டிவை அரித்துவிடும். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் உலர்ந்திருக்கும் ஒரே இடம் கேக் அன்ரி கேக் சுடும் போறணை அறை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆகவே அவருடைய நெகட்டிவ்கள் அனைத்தும், அடியில் ஒரு பிடி அரிசி போட்டு, கேக் வைக்கும் தகர ரின்களில், அங்கே அடுக்கப்பட்டிருந்தன. ஒரு நிச்சயதார்த்தத்தில் ரின் மாறிப்போய், சம்பந்திகள் முன்னிலையில் மூடியைத் திறந்தபோது உள்ளே வேறொரு தம்பதியர் சுருண்டு கிடந்தனர். "கேக்கைக் கொண்டு போகச் சொன்னா, ஆக்களைக் கொண்டு போயிருக்கிறான் மனிசன்" என்று அன்ரி ஒரு மாதம் திட்டினார்.

அதைவிடப் பெரிய குற்றம், ரின்களின் மேல் அவர் எழுதிய எழுத்து. மணமக்களின் பெயரை எழுதவே மாட்டார். "பேர் எனக்கு நிக்காது தம்பி. நடந்ததுதான் நிக்கும்" என்பார். 'மணவறை சரிஞ்சது.' 'கேக்கில எறும்பு.' 'ஐயர் பிந்தி வந்தது.' இப்படியே எழுதியிருக்கும். அல்பங்கள் பிந்தியதன் இரகசியம் இதுவே. எந்த எறும்பு எந்தத் தம்பதிக்குரியது என்று தெரிய அவருக்கு மாதக்கணக்கு ஆகும்.

அதே பெரியகல்லாற்றில் பின்னர், ஊர் 'சேர்' என்று அழைத்த சிவபாலன் என்ற ஆசிரியருக்கும் நிர்மலாவுக்கும் கலியாணம். நான் வாழ்த்துமடலின் கடைசி வரியை, கைதட்டலுக்கு இடம் விட்டு, நிறுத்தி, இறக்கி வைத்தேன். அந்த நிசப்தத்தில் அவர் சொன்னார்: "மறுகா." கமராவின் மின்னொளி எரியவில்லையாம், மணமக்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாராம். நான் என்னைச் சொன்னதாகவே விளங்கிக்கொண்டேன். மேடைப் பயிற்சி அப்படிப்பட்டது. 'பேரன்புக்குரிய அவையோரே' என்ற முதற்சொல்லிலிருந்து முழு மடலையும், அதே ஏற்ற இறக்கத்தோடு, மறுபடியும் நிகழ்த்தினேன்.

எங்கள் பக்கத்து மணப்பெண்கள் நிமிரமாட்டார்கள். அல்பம் முழுவதும் தலை வகிடுதான் தெரியும். ஆனால் நான் இரண்டாம் முறை 'பேரன்புக்குரிய' என்றதும் நிர்மலா நிமிர்ந்தார். மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு, பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்தார். அவையும் சேர்ந்து சிரித்தது. நான் மறுகாவோடு கதைப்பதை அன்றோடு நிறுத்தினேன். யாராவது அதை நினைவூட்டினால், அப்படியொன்று நடக்கவே இல்லை என்று மறுத்து வாதிட்டேன், பெரும்பாலும் வென்றேன்.

சிவபாலன் அல்பம் கேட்டுப் போன போதெல்லாம் 'மறுகா' என்ற பதிலோடு திரும்பினார். ஓர் ஆண்டு போனது. மேலும் சில மாதங்கள் போயின.

பிறகு கடல் வந்தது.

கிறிஸ்மஸுக்கு மறுநாள். அன்று காலை மறுகா, மிஞ்சிய நத்தார்க் கேக் சாப்பிட அன்ரி வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் அவர் இருந்தார். கல்லடியில் அவருடைய ஸ்ரூடியோ இல்லை. பெரியகல்லாற்றில் சிவபாலனின் வீடு இல்லை, நிர்மலாவும் இல்லை. சில கிழமைகளின் பின் சிவபாலன், யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு, புளியந்தீவுக்கு வந்து அன்ரியின் வாசலில் நின்றார்.

"அண்ணே, அல்பம் வேணாம். ஒரு படம் போதும். முகம் தெரியிறதா ஒண்டு. எனக்கு அவளின்ர முகம் கலங்கிக் கலங்கி வருகுது."

மறுகா அவரைப் போறணை அறைக்குள் அழைத்துப்போய் மாவு மூட்டை மேல் இருத்தினார். சுவர் முழுவதும் ரின்கள். எந்த ரின் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஆள் அனுப்பினார். கதைப்பதில்லை என்ற என் விரதத்தை அன்று யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அன்ரி ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். "மணவறை சரிஞ்சது."

"அது வாழைச்சேனை" என்றார் காக்கா. "அந்தத் தூணை நான் மறப்பனா?"

"மாப்பிளை அழுதது."

சிவபாலன் நிமிர்ந்தார். "நான் அழல்ல."

"இல்ல சேர், அது வேற ஆள். பாவம், அவருக்கு இடுப்பில ஊசி குத்திக்கொண்டு நிண்டது" என்றார் மறுகா.

அந்த அறையில், அந்த நாட்களில், சிவபாலன் உட்பட எல்லோர் முகத்திலும் ஒரு கணம் சிரிப்பின் நிழல் வந்து போனது. பிறகு அன்ரி இன்னொரு ரின்னை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, என்னைப் பார்க்காமலே வாசித்தார்.

"தம்பி ரெண்டுதரம் பேசினது."

 நான் எதைச் சொல்வேன் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியொன்று நடக்கவில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். மாவு மூட்டை மேல் இருந்தவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "அது நடந்தது. அது சேரின்ர கலியாணம்தான்."

மறுகா சுருளை விரித்து மின்குமிழின் முன் பிடித்தார். வகிடு. வகிடு. குனிந்த தலை. மறுபடியும் வகிடு. பெரும்பாலானவற்றில் திறந்த என் வாய். கடைசித் துண்டில் அவர் கை நின்றது. சிவபாலன் எழுந்து வந்து குமிழுக்குக் கிட்டே குனிந்தார். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கொண்டையிட்ட அந்தத் தலை பஞ்சுபோல வெளுத்திருந்தது. அதன் கீழே அந்தச் சிரிப்பு.

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சே இவளுக்கு" என்றார் சிவபாலன்.

"கழுவி எடுத்தாக் கறுத்திரும் சேர்."

"அவசரமில்ல அண்ணே. கொஞ்ச நேரம் இப்பிடியே பாத்துக்கொண்டு நிக்கிறன்."

கை நோகும்வரை மறுகா அதை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தம் வாழ்நாளில் மாப்பிள்ளைகளை எப்படி நிற்கவைத்தாரோ, அப்படியே நின்றார். போகும்போது சிவபாலன், படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். நாங்கள் மூவரும் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தோம்.

"நாளைக்குக் காலம்பற" என்றார் மறுகா. அப்படியே கொடுத்தார்.

யுத்தம் முடிந்த ஆண்டில் சிவபாலனுக்கு மண்டூரில் கலியாணம் நடந்தது. பெண்ணும் போரில் கணவனைப் பறிகொடுத்தவர். சிவபாலனே எங்கள் நால்வரையும் தேடிவந்து சொன்னார். வானில் போகும்போது மறுகா வெற்றிலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "இண்டைக்கு அந்தச் சொல் என்ர வாயால வராது. ரெண்டு பேருக்கும் மறுகலியாணம். அந்த இடத்தில நிண்டு மறுகா எண்டு சொன்னா நான் மனிசனில்ல."

சொன்னபடியே வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். தாலி ஏறியது, கெட்டிமேளம் கொட்டியது. அதே நேரத்தில் மின்னொளி எரியவில்லை. அவர் கமராவைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், பாதிக் கண்ணையும் அன்று முழுதாகத் திறந்து, மேடையில் ஒலிவாங்கியோடு நின்ற என்னைப் பார்த்தார். இருமக்கூட இல்லை. அந்த ஒரு படம் இல்லாமல் இந்தக் கலியாணமும் போகப் போகிறது என்று அவர் முகம் சொன்னது.

நான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டே பிடித்து, மூன்று தரம் சொன்னேன்.

"மறுகா. மறுகா. மறுகா."

பெண்வீட்டார் திரும்பினார்கள். சிவபாலன் சிரித்துவிட்டுத் தாலிக்கொடியை மறுபடி தூக்கிப் பிடித்தார். என்னவென்று விளங்காமல் பெண் நிமிர்ந்து பார்த்தார். மின்னொளி எரிந்தது.

நான் அப்போதும் ஒலிவாங்கியை வைக்கவில்லை. வாழ்த்துமடலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மறுகாவைப் பார்த்து, சபை கேட்க, எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னேன்: "அண்ணே, இனி எந்தக் கலியாணத்தில நீங்க அந்தச் சொல்லைச் சொன்னாலும், 'பேரன்புக்குரிய அவையோரே' எண்ட இடத்தில இருந்து நான் மறுகாச் சொல்லுவன், வாயை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லுவன்."