ஈர்வாளர் என்றால் யார்?

“ஈர்வாளர்னா என்னய்யா அர்த்தம்?” என்று புது அதிகாரி கேட்டதும், இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதவியிலேயே இருப்பவர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார்.

பணியாளர் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. அவர் செய்வதென்னவோ தபாலுக்கு முத்திரை குத்தும் வேலை. இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம்.

“அது வந்துங்க சார்... தபால ரெண்டாப் பிரிக்கிறவருங்க. அவசரம் ஒரு பக்கம், அவசரமில்லாதது ஒரு பக்கம்.”

“யார் சொன்னா?”

“அகராதியிலயே இருக்குங்க சார்.”

“அப்படியா? எடுத்துட்டு வாங்க, பாப்போம்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அகராதி ஆவண அறையில், கால் உடைந்த அலமாரிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது.

“அதை உருவாதீங்க சார்! இந்த அலமாரியே அது மேலதான் நிக்குது” என்று பதறினார் ஆவண அறை அம்மா.

“என் பொழப்பும் இனிமே அது மேலதாம்மா நிக்குது.”

அதிகாரி தூசியை ஊதிவிட்டு, விரல் வைத்துப் படித்தார். “ஈர்வாளர்: பெரிய மரங்களை நீளவாக்கில் பலகையாக அறுப்போர்.”

அதிகாரி நிமிர்ந்தார்.

“தபால் எங்கய்யா இருக்கு இதுல? நாளைக்கு மரம் அறுத்துக் காட்டுங்க. இல்லேன்னா பதவியே கிடையாது.”

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் அசரவே இல்லை. “அறுக்க வேண்டியதுதானே? தினம் என்கிட்ட பேசியே அறுக்கிறீங்க. எங்க அண்ணன் வீட்டுப் பரண்ல ஒரு பழைய ரம்பம் கிடக்கு.”

மறுநாள் ஆள் உயர ரம்பத்தோடு அவர் பஸ்ஸில் ஏறினார். நடத்துநர் ரம்பத்துக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

அலுவலக முற்றத்தில், போன மழையில் விழுந்த மரம் கிடந்தது. ஈர்வாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இழுத்தார். ரம்பம் வளைந்து, ‘டொய்ங்’ என்று பாடியது. தள்ளினார். மறுபடியும் பாடியது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். மரத்துக்கு ஒரு கீறலும் இல்லை, அவர் முழங்கையில்தான் இரண்டு.

“அந்தப் பக்கம் எதுக்குய்யா இன்னொரு பிடி?” என்றார் அதிகாரி.

ஈர்வாளருக்கு உயிர் திரும்பி வந்தது. “அதாங்க சார் விஷயம்! இது ரெண்டு பேர் வேலை. குழி வெட்டி, மரத்தைக் குறுக்கே போட்டு, ஒருத்தர் மேல நிக்கணும், ஒருத்தர் கீழ நிக்கணும். தனியா அறுக்க முடியாதுங்க. சந்தேகம்னா அகராதியில அடுத்த வரியப் பாருங்க.”

அடுத்த வரி அதையேதான் சொன்னது. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விடுவதற்குள் அதிகாரியின் கண் சிவந்தது.

“அப்போ இன்னொரு ஈர்வாளரும் இந்த ஆபீஸ்ல இருக்கான்! ஒரு வேலையும் செய்யாம எங்கேயோ ஒரு நாற்காலியத் தேய்ச்சுக்கிட்டு! யாரா இருந்தாலும் சரி, ரெண்டு பதவியும் இன்னையோட காலி!”

உத்தரவைத் தானே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பும் தபாலுக்கு முத்திரை குத்துவது யார் வேலை? ஈர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தலையில் தானே குத்திக்கொள்வது போலக் குத்தினார். தபால் வண்டி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆவண அறை அம்மா, அதிகாரி தேடச் சொன்ன பழைய பதிவேட்டைச் சுமந்துகொண்டு வந்தார்.

“கிடைச்சுதா? யாரும்மா அந்த இன்னொருத்தன்?” என்று கையைத் தேய்த்துக்கொண்டார் அதிகாரி.

“அந்தக் காலத்துல இது மரக் கிடங்காம். மரம் வர்றது நின்னதும், குழியில நின்னவரத் தபாலுக்கு மாத்தியிருக்காங்க சார். மேல நின்னவருக்கு வேற வேலை இல்ல. அதனால மூணு தடவை பதவி உயர்வு குடுத்து, தனி ரூம் குடுத்து, வாசல்ல மணியும் வச்சுக் குடுத்திருக்காங்க” என்று அந்த அம்மா பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “அந்த நாற்காலிக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. ரம்பத்தோட அந்தப் பக்கத்துப் பிடி உங்களுதுங்க சார்.”