பூவாத்தாவுக்கு வந்த வீக்கம்

ஒரு காட்டில் ஒரு கலைக் கல்லூரி இருந்தது. பொருளியல் துறையில் இரண்டு பிரிவுகள். நுண்ணினப் பொருளியலில் எறும்புகள் சேர்ந்தன. பேரினப் பொருளியலில் பூவாத்தா என்ற யானை சேர்ந்தாள். பெயரைப் பார்த்துவிட்டு, பெரிய இனத்துக்கென்றே வைத்த பாடம் என்று நினைத்துக்கொண்டாள். விண்ணப்பத்தை வாங்கிய முள்ளம்பன்றி குமாஸ்தாவும் அப்படியே நினைத்ததால் யாரும் அவளைத் திருத்தவில்லை.

பாடம் நடத்தியவர் பேராசிரியர் அம்பலவாணன், ஒரு தேவாங்கு. தேவாங்குக்குப் பகலில் தூக்கம் வரும். கல்லூரி பகலில்தான் நடக்கும். ஆகவே அவர் தூங்கிக்கொண்டே பாடம் நடத்தினார், மாணவர்கள் தூங்கிக்கொண்டே கேட்டார்கள். பூவாத்தா இரண்டு முறை அரியர் வைத்தாள். மூன்றாவது முறையும் போனால் கல்லூரியும் போய்விடும், விடுதிச் சாப்பாடும் போய்விடும். இதில் எது பெரிய துக்கம் என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தினம் பதினைந்து வாழைத்தார் சாப்பிடுகிறவள் அவள்.

அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு. புளியந்தோப்பு சிங்க ராஜாவுடையது. ராஜா தன் குட்டிக்குக் காது குத்தினார். ஊரே வாய் பிளக்க வேண்டும் என்று, வந்தவர்களின் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகக் கூடை கூடையாகப் புளியங்கொட்டையைக் கொட்டினார். அன்று ஆமைகூட வீட்டுக்கு ஓடியது.

மறுவாரம் குரங்குகளின் கடையில் ஒரு கொட்டைக்கு விற்ற வாழைப்பழச் சீப்பு நாற்பது கொட்டை ஆனது. காடு முழுக்கக் கொட்டை. வாழைத்தார் மட்டும் போன வாரம் எத்தனையோ அத்தனைதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம், ஆனால் ராஜா பட்டம் வாங்கியவரைத்தான் கூப்பிட்டனுப்பினார்.

அம்பலவாணனுக்குக் காரணம் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதே நேரம் ராஜாவும் கொட்டாவி விட வாயைத் திறந்தார். உள்ளே இருந்த பற்களைப் பார்த்ததும் பேராசிரியர் தன் விளக்கத்தை ஒரே சொல்லாகச் சுருக்கிக்கொண்டார்.

"பணவீக்கம், ராஜா."

"வீக்கமா? எங்கே?"

பேராசிரியர் கண்ணைச் சிமிட்டினார். அத்தனை பெரிய கண்ணைச் சிமிட்டி முடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் ராஜாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்த கரடி வைத்தியர் சடையப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"வீக்கம்னா அது நம்ம டிபார்ட்மென்ட்டு ராஜா. நான் பாத்துக்கறேன்."

எல்லா மிருகங்களும் 'வீக்கமில்லாச் சான்றிதழ்' வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று பிரதிகளில் விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவுப் படம். மயிலின் தோகை படத்துக்குள் அடங்காததால் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். தவளை வரிசையில் நிற்கும் வரை சரியாக இருந்தது, வைத்தியர் முன்னால் வந்ததும் பயத்தில் உப்பிவிட்டது, மறுநாள் வரச் சொன்னார்கள். சடையப்பன் ஒரு கொடியை வைத்து ஒவ்வொருவர் காலாகச் சுற்றி அளந்தார். பூவாத்தா காலுக்குக் கொடி பத்தவில்லை.

"கெடச்சிருச்சு" என்றார் சடையப்பன்.

"நான் பொறந்ததுலருந்தே இப்படித்தான் இருக்கேன் வைத்தியரே."

"அப்ப நாள்பட்ட வீக்கம்."

சார், நீங்களாவது சொல்லுங்கள் என்று பூவாத்தா பேராசிரியர் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். பகல் நேரம் என்பதால் அது தூக்கமா நடிப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பத்தியம் ஆரம்பமானது. காலையில் ஒரு குவளை கொள்ளுக் கஞ்சி, மாலையில் ஒரு குவளை. பாவம் பூவாத்தா, இதைச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. மூன்றாம் நாள் பேராசிரியர் "கரும்ப..." என்று தொடங்கியதும் மீதியைக் கேட்கப் பொறுமையில்லாமல் கரும்பலகையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டாள்.

பசியில் ஒரு நன்மையும் நடந்தது. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முதன்முறையாக ஒரு வகுப்பு முழுவதும் விழித்திருந்தாள். தூக்கத்தில் பேராசிரியர் முணுமுணுத்ததெல்லாம் காதில் விழுந்தது. கொட்டை கூடினால் விலை கூடும் என்றார். ராஜா குத்தியது குட்டிக்கு மட்டுமல்ல, காட்டுக்கே காது குத்திவிட்டார் என்றார். பிறகு குறட்டை விட்டார்.

இதற்கிடையில் அதிசயம் நடந்தது. விடுதி அவளுக்காகத் தினம் வாங்கும் பதினைந்து தாரும் நின்றுபோனதால் கடையில் பழம் தேங்கியது. சீப்பு முப்பது கொட்டைக்கு வந்தது, பத்துக்கு வந்தது, ஒன்றுக்கே வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது என்று காடே கும்மாளம் போட்டது. சடையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கரடிக்கு ஏற்கெனவே வியர்க்கும், இருந்தாலும் மறுக்கவில்லை.

அடுத்த மாதம் பழம் அழுகியது. குரங்குகள் தார் வெட்டுகிறவர்களை வேலையை விட்டு நிறுத்தின. வேலை போனவர்கள் அணிலிடம் கொய்யா வாங்குவதை நிறுத்தினார்கள். அணில் முயலிடம் கிழங்கு வாங்குவதை நிறுத்தியது. எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா மறுபடி ஆளனுப்பினார்.

"பொருளாதார மந்தம், ராஜா" என்றார் அம்பலவாணன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சடையப்பன் உரலை உருட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். "வயித்து மந்தம்தானே? யாருக்குன்னு எனக்குத் தெரியும்."

சுக்கு, மிளகு, ஓமம் போட்டு ஒரு பீப்பாய் கஷாயம். கூடவே பத்தியமும் ரத்து. பட்டினி கிடந்த யானைக்குப் பசி கிளப்பும் கஷாயம் கொடுத்தால் என்ன ஆகும்? பூவாத்தா முப்பது தார் தின்றாள், கூடையைத் தின்றாள், கடைப் பலகையை ருசி பார்த்தாள். குரங்குகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டன. அணில் கிழங்கு வாங்கியது. காடு எழுந்து நின்றது.

அதன்பிறகு ராஜா பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. பூவாத்தா சாப்பிட்டாளா என்றுதான் கேட்பார். விலை ஏறினால் கஞ்சி, இறங்கினால் கஷாயம்.

அரியர் தேர்வு வந்தது. கேள்வித்தாளில் மூன்றே கேள்விகள். பணவீக்கம் என்றால் என்ன? பூவாத்தா யோசிக்காமல் எழுதினாள்: நான். மந்தம் என்றால் என்ன? அதுவும் நான்தான், ஒரு மாதம் கழித்து. இவற்றுக்குக் காரணம் என்ன? பேனாவைக் கொஞ்ச நேரம் தும்பிக்கையில் உருட்டினாள். தின்னாமல் கிடந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. எழுதினாள்: ராஜா வீட்டுக் காதுகுத்து.

அம்பலவாணன் விழித்திருந்து திருத்திய ஒரே விடைத்தாள் அது. முதல் இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டார். மூன்றாவது விடையை இரண்டு முறை படித்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், கண் கலங்கினார். சரியான விடை அது ஒன்றுதான். ஆகவே அதற்கு மட்டும் பூஜ்யம் போட்டு, அந்தத் தாளை மென்று விழுங்கினார். பூவாத்தா தேறிவிட்டாள். அன்று விலை கொஞ்சம் ஏறியிருந்ததால் விடுதியில் அவளுக்குக் கஞ்சி வைத்தார்கள்.

நீதி: காதுகுத்து யார் வீட்டில் நடந்தால் என்ன, கஷாயம் குடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.